நோட்டீசில் சொன்ன கம்பளி

1

ஊரிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் இப்போதெல்லாம் நலம் விசாரிப்பு இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது. மூன்றாவது வரியில் கேள்வி வந்துவிடும். அப்புத்தளையில் மாட்டு வண்டி ஓட்டினால் மாதம் இருபது ரூபாய் கிடைக்குமாமே, இடமும் மருந்தும் கம்பளியும் சும்மா தருகிறார்களாமே, சந்தையில் நோட்டீசு ஒட்டியிருக்கிறதே, அதெல்லாம் மெய்தானா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் இந்தப் பத்திரிகை மூலமாக எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்த ஐப்பசியோடு நான் மலைக்கு வந்து பதினெட்டு வருஷம் முடிந்தது. துறையூர்ப் பக்கத்துக்காரன். முதல் ஒன்பது வருஷம் வண்டியோட்டினேன். அப்புத்தளை ஸ்டேஷனில் இறங்கும் அரிசி மூட்டைகளை ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கொண்டு இறக்குவது, அங்கிருந்து தேயிலைப் பெட்டிகளை மலையேற்றி ரயிலுக்குக் கொண்டுவருவது, இதுதான் வேலை. முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்த பிறகு, எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் முதலாளி என்னை வண்டிப்பேட்டையிலேயே உட்காரவைத்து, போகிற வண்டி வருகிற வண்டிகளைக் குறிக்கச் சொன்னார். அவருக்குப் பதுளையில் அரிசிக்கடை. இங்கே இருக்கும் வண்டிகளும் மாடுகளும் அவருடையவை.

போன வருஷம் வண்டிக்கு ஆள் பற்றவில்லை. முதலாளி ஒருநாள் பேட்டைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"சுப்பையா, திருச்சிப் பக்கம் நோட்டீசு அடிச்சு ஒட்டலாம்னு இருக்கேன். நீ எழுதித் தா. ஊர்க்காரன் காதுல விழற மாதிரி எழுத உனக்குத்தான் வரும்."

எழுதிக் கொடுத்தேன். நீங்கள் சந்தையில் பார்த்தது அதுதான். 'வண்டியோட்டத் தெரிந்த ஆண்களுக்கு இலங்கை மலைநாட்டில் நல்ல வேலை. மாதம் இருபது ரூபாய் வரை சம்பாதிக்கலாம். குடியிருக்க இடம் உண்டு. மருந்து இலவசம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. மழைக்குக் கம்பளி கொடுக்கப்படும்.' எழுதியவன் பெயர் அதில் கிடையாது. கீழே முதலாளியின் முகவரி மட்டும் இருக்கும்.

அச்சடித்ததில் ஒன்று எனக்கும் வந்தது. என் வார்த்தைகளை அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். என் மகள் பாக்கியத்தைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொன்னேன். இங்கேயே பிறந்தவள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், விளையாடும்போது மட்டும் சிங்களத்தில் எண்ணுவாள். முழுவதையும் தட்டுத்தடுமாறாமல் படித்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது எந்த ஊருப்பா?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். அவள் கேலி பேசவில்லை, தெரியாமல்தான் கேட்டாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

2

நோட்டீசில் பொய் ஒன்றும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதலாளியும் அதைத்தான் சொல்வார்.

இருபது ரூபாய் வரை சம்பாதிக்கலாம். இங்கே சம்பளம் மாதத்துக்கு இல்லை, நடைக்கு. ஒரு நடை இறங்கி ஏற இரண்டு நாள். முப்பது நாளும் வெயிலடித்து, மண் சரியாமல், மாட்டுக்குக் கோமாரி காணாமல், வண்டியின் நம்பர் தகடு எங்கேயும் கழன்று விழாமல் இருந்தால் இருபது ரூபாய் வந்துவிடும். கோமாரி கண்டால் சர்க்கார் உத்தரவுப்படி வண்டிகளெல்லாம் நிற்க வேண்டும், நின்ற நாளுக்குக் கூலி இல்லை. தகடு இல்லாமல் ரோட்டில் போய் மாட்டிக்கொண்டால் அபராதம் ஓட்டுகிறவன் தலையில். இதில் எதுவுமே நடக்காத ஒரு மாதத்தை நான் இந்தப் பதினெட்டு வருஷத்தில் பார்த்ததில்லை.

குடியிருக்க இடம் மாட்டுக் கொட்டிலின் மேல் அட்டாலி. கீழே மாடு, மேலே மனுஷன். ஞாயிறு ஓய்வு மாட்டுக்குத்தான். மாடு நிற்கும்போது ஓட்டுகிறவன் எங்கே போவான், அவனும் நிற்கிறான், கூலி இல்லாமல்.

இனி ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோட்டீசில் அதற்கு வரியே இல்லை. ஹல்துமுல்லையிலிருந்து ஏறிவரும் ரோட்டில், முனியாண்டிக் கல்லுக்குப் பக்கத்து வளைவை ஒரு ஜோடி மாட்டால் பாரத்தோடு ஏற முடியாது. அதனால் வண்டிகள் இரண்டிரண்டாகத்தான் கிளம்பும். வளைவுக்கு வந்ததும் பின் வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அதன் மாடுகளையும் அவிழ்த்து முன் வண்டியில் கட்டுவோம். ஓர் ஆள் மாட்டைப் பிடித்து நடப்பான். இன்னோர் ஆள் முட்டுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தின் பின்னாலேயே வருவான். மாடு மூச்சு வாங்க நின்றால் அந்த நொடியே கட்டையைச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வேண்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் நாலு மாட்டையும் ஓட்டிக்கொண்டு திரும்ப இறங்கி, நிறுத்திவைத்த வண்டியை அதே மாதிரி ஏற்ற வேண்டும். இரண்டு பேரும் ஏற்றத்தை இரண்டு தரம் ஏறி ஒரு தரம் இறங்குகிறோம். கூலி ஒரு தரத்துக்குத்தான்.

கடைசியாகக் கம்பளி. அந்த வரியை முதலாளி சொல்லவில்லை, நானாகச் சேர்த்தேன். வண்டிக்காரர்களுக்குக் கம்பளி வேண்டும் என்று இரண்டு வருஷம் அவரிடம் கெஞ்சி வாங்கிக் கொடுத்தவன் நான், அந்தப் பெருமை எனக்கு. ஆனால் ஏறும்போது வண்டி பின்பக்கம் சாய்ந்துதான் வரும். கூண்டின் பின்வாய் வழியாகச் சாரல் உள்ளே அடிக்கும். நனைந்த பெட்டி வந்தால் அந்த நடைக்குக் கூலியே இல்லை என்பது பேட்டையின் கட்டுப்பாடு. ஆகவே மழை வந்ததும் ஒவ்வொரு வண்டிக்காரனும் தன் கம்பளியை உரித்துப் பெட்டிகளின் மேல் போர்த்திவிட்டு, கோணிச்சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு நடப்பான். இது எல்லோரும் செய்வது. யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. ஒன்பது வருஷம் நானும் அப்படித்தான் ஒரு சாக்குக்குள் நனைந்தேன். அதெல்லாம் தெரிந்துதான் 'மழைக்குக் கம்பளி' என்று எழுதினேன்.

3

ஆனியில் என் தங்கை அஞ்சலையின் வீட்டுக்காரர் மருதமுத்துவிடமிருந்து கடிதம் வந்தது. அவரே எழுதியது. கொழுத்த எழுத்து, ஒரு வரிக்கு நாலு வார்த்தைதான் அடங்கும். அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கடிதத்தைத் தூர நின்று பார்த்தே யார் எழுதியது என்று சொல்லிவிடுவாள். அண்ணன் எழுத்து எறும்பு வரிசை, இவர் எழுத்து எருமை மந்தை என்பாள்.

எருமை மந்தை இப்படிச் சொன்னது: மழை இரண்டு வருஷமாகப் பொய்த்துவிட்டது. சந்தையில் நோட்டீசு பார்த்தேன். உங்கள் பேட்டைதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உழவு மாட்டை விற்றுவிட்டேன். ஆவணி பிறந்ததும் புறப்படுகிறேன்.

கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். என் மனைவி செல்லாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க, தங்கச்சி வீட்டுல யாருக்காச்சும் ஒண்ணா?"

"இல்ல. மாப்பிள்ளை இங்க வர்றாராம்."

"வரட்டுமே. நம்ம ஆளு ஒருத்தரு கூட இருந்தா நல்லதுதானே."

"நோட்டீசைப் பார்த்துட்டு வர்றாராம்."

அவள் அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். நோட்டீசை யார் எழுதியது என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கே உட்கார்ந்து பதில் எழுதினேன். வர வேண்டாம், குளிர் உடம்புக்கு ஆகாது, மழை ஓயாது, அஞ்சலையைத் தனியாக விடாதீர்கள் என்று இரண்டு பக்கம். எழுதியதை இப்போது நினைத்தால் என்னையே ஓங்கி அறையலாம் போலிருக்கிறது. அட்டாலியைப் பற்றியோ நடையைப் பற்றியோ கம்பளி எங்கே போகிறது என்பதைப் பற்றியோ ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதினால், இதெல்லாம் தெரிந்த நீ பேட்டையில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்தாய் என்று அடுத்த கேள்வி வருமே. அதற்குப் பயந்து மழையின் மேல் பழியைப் போட்டேன்.

இன்னொன்றும் உண்டு. பதினெட்டு வருஷமாக நான் ஊருக்கு எழுதிய கடிதம் ஒவ்வொன்றும் 'இவ்விடம் யாவரும் சௌக்கியம்' என்றுதான் ஆரம்பிக்கும். காய்ச்சலில் கிடந்தபோதும் அப்படித்தான் எழுதினேன். ஒரு தடவை இரவல் கோட்டும் குடையுமாகப் படம் பிடித்து அனுப்பியிருந்தேன். அந்தப் படம் அஞ்சலை வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அப்படிப்பட்டவன் திடீரென்று குளிர், மழை என்று அழுதால் யார் நம்புவார்கள்? தான் மட்டும் சுகப்பட வேண்டும் என்று நினைக்கிறான் என்றுதான் நினைப்பார்கள்.

4

தூத்துக்குடிக்குப் பக்கத்து நோய்த் தடுப்பு முகாமில் நாட்களைக் கழித்துவிட்டு, கப்பலேறி, ரயிலேறி, ஆவணிக் கடைசியில் அவர் வந்து சேர்ந்தார். கூட இன்னும் ஐந்து பேர், எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள். அப்புத்தளை ஸ்டேஷனில் மதியத்திலேயே பனி இறங்கிவிட்டது. ரயில் பெட்டியிலிருந்து இறங்கியவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை, நான் குரல் கொடுத்த பிறகுதான் திரும்பினார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் சிரிப்பு.

"மச்சான், வேணாம்னு எழுதியிருந்தீங்க. பரவால்ல, வந்துட்டேன்."

வீட்டில் சோறு போட்டோம். பாக்கியம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க ஊருல தேயிலை இல்லாம மலையெல்லாம் என்ன மாமா பண்ணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். 'உங்க ஊரு' என்று அவள் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. எங்களோடேயே தங்கிவிடுங்கள் என்று செல்லாயி எவ்வளவோ சொன்னாள். அவர் கேட்கவில்லை.

"அங்க குடியிருக்க எடம் தர்றாங்கல்ல அக்கா. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?"

பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அட்டாலி ஏணிக்குக் கீழே நின்று கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். பிறகு மாடுகளிடம் போனார். ஒன்றின் கழுத்தில் நுகத்தடி அழுத்திய புண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதற்கு என்ன தடவ வேண்டும் என்று என்னிடம் சொன்னார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நோட்டீசு என் கை எழுதியது என்று எவனாவது சொல்லிவிடுவானோ என்று அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பேட்டையில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அவரைப் பழைய வண்டிக்காரர் சின்னக்கண்ணுவோடு ஜோடி சேர்த்தேன். என்னால் முடிந்தது அதுதான். சின்னக்கண்ணு நிதானமான மனுஷர். புரட்டாசி எப்படியோ கழிந்தது. மருதமுத்து ஒரு நடைகூடத் தவறவிடவில்லை. மழையில்லாத நாளாகப் பார்த்து முதலாளி வந்து, "உன் மாப்பிள்ளை தங்கமான ஆளு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

5

ஐப்பசி இரண்டாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. அன்று மத்தியானத்துக்குள் ஏறி வர வேண்டிய ஜோடி பொழுது சாயத் தொடங்கியும் வரவில்லை. நான் பேட்டை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் சின்னக்கண்ணு ஒற்றை வண்டியோடு வந்தார். கோணிச்சாக்கிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளைக்குக் கையில அடிங்க. முனியாண்டிக் கல்லுக்கிட்ட இருக்காரு. வண்டி ரோட்டோரமா நிக்குது, ஏத்த முடியல."

"உயிருக்கு ஒண்ணும் இல்லையே?"

"உயிருக்கு இல்லீங்க."

முழங்காலைப் பற்றி நினைக்காமல் இறங்கி ஓடினேன். நடந்தது இதுதான். மருதமுத்துவின் வண்டியைக் கீழே கல் வைத்து நிறுத்திவிட்டு, நாலு மாட்டையும் கட்டிச் சின்னக்கண்ணுவின் வண்டியை மேலே ஏற்றியிருக்கிறார்கள். மாடுகளோடு திரும்ப இறங்கி வரும்போது பார்த்தால், ரோட்டு ஓரம் மழையில் ஊறி, வைத்த கல் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. வண்டி பள்ளத்துப் பக்கமாக நகர ஆரம்பித்துவிட்டது. மருதமுத்து ஓடிப்போய் முட்டுக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் செருகியிருக்கிறார். கட்டை நின்றது, வண்டியும் நின்றது. கட்டையைப் பிடித்திருந்த வலது கையின் இரண்டு விரல்கள் சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன.

நான் போனபோது அவர் முனியாண்டிக் கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையைத் தலைத்துண்டால் சுற்றியிருந்தது, துண்டு முழுக்க ரத்தம். உடம்பில் ஒரு சாக்குகூட இல்லை. கூண்டின் பின்வாயில் கம்பளி, நாலு மூலையும் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தது. கையில் அடிபட்ட பிறகு கட்டியதாம், ஒற்றைக் கையாலும் பல்லாலும்.

என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பெட்டி நனையல மச்சான்."

பக்கத்துத் தோட்டத்து மருந்துக் கொட்டகைக்குத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனேன். டிஸ்பென்சர் துண்டை அவிழ்த்துப் பார்த்தார்.

"எந்தத் தோட்டத்துல பேரு பதிஞ்சிருக்கு?"

"தோட்டமில்லீங்க. வண்டிக்காரர்."

"தோட்டத்து ஆளுன்னா பதிஞ்சு வச்சுக்கலாம். வெளியாளுக்குத் தொரைகிட்ட சீட்டு வேணுமே."

அவர் நல்ல மனிதர். சீட்டு இல்லாமலேயே கழுவிக் கட்டிவிட்டு, புத்தகத்தில் எழுதாமல் விட்டார். பதுளைக்குக் கொண்டுபோங்கள், தாமதிக்காதீர்கள் என்றார். மறுநாள் பண்டாரவளை வரைக்கும் ரயில், அங்கிருந்து வண்டி. மழைக்குள் அந்த வண்டிப் பயணம் முழுதும் மருதமுத்து கண்ணை மூடிக்கொண்டே வந்தார். ஹாலிஎல தாண்டும்போது மட்டும் கண்ணைத் திறந்து, மாட்டுக்குப் புண்ணில் எண்ணெய் தடவினார்களா என்று கேட்டார்.

பதுளை ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். இரண்டு விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. காசு கேட்கவில்லை. மருந்து இலவசம் என்று நான் எழுதியது உண்மைதான். அங்கே யார் போனாலும் இலவசம், முதலாளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அங்கிருந்து நேரே அரிசிக்கடைக்குப் போனேன். முதலாளி என் நனைந்த சட்டையைப் பார்த்தார்.

"என்ன சுப்பையா, பேட்டையை விட்டுட்டு இங்க நிக்கிற?"

"மருதமுத்துக்கு ரெண்டு விரல் போயிருச்சுங்க முதலாளி. வலது கை."

"அடடா." உண்மையாகவே வருத்தப்பட்டார். "தேறி வரட்டும். மாட்டுக்குத் தீனி போடுற வேலை தர்றேன். பாதிக் கூலி."

"நோட்டீசைப் பார்த்து வந்தவருங்க. ஊருல மாட்டை வித்துட்டு வந்திருக்காரு."

அவர் முகம் மாறியது. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"நோட்டீசு நீதானே எழுதின? அதுல சொன்னதுல எதை நான் குடுக்காம விட்டேன்? எடம் குடுக்கலையா, கம்பளி குடுக்கலையா? சொல்லு."

ஒவ்வொரு வரியும் கொடுக்கப்பட்டிருந்தது. நான் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"இன்னும் எட்டு ஆள் வேணும். போன தடவை எழுதின மாதிரியே ஒண்ணு எழுதி அனுப்பு. தை பிறக்கறதுக்குள்ள ஒட்டணும்."

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

6

இப்போது மருதமுத்து எங்கள் வீட்டில் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு நாள், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"அஞ்சலைக்குக் கடுதாசி போடணும் மச்சான். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். பேனாவை மையில் தோய்த்தேன். மறுபடியும் தோய்த்தேன். அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை.

"மாப்பிள்ளை, எழுதறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும். அந்த நோட்டீசை எழுதினது நான்தான்."

அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும் மச்சான்."

செல்லாயி கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"யாரு சொன்னா?"

"ஆள் சேக்க முதலாளி அனுப்பினவரு சந்தையிலயே சொல்லிட்டாரு. இது உங்க மச்சான் சுப்பையா எழுதினதுதான்யான்னு. அதைக் கேட்டுத்தான் நானும் அந்த அஞ்சு பேரும் பேரு குடுத்தோம்."

"அப்புறம்தான் என் கடுதாசி வந்துச்சே."

"வந்துச்சு. அதுல மழை, குளிருன்னு இருந்துச்சு. நோட்டீசு பொய்யின்னு எங்கயும் இல்லையே. அஞ்சலைகிட்டக் காட்டினேன். பொய்யா இருந்தா எங்க அண்ணன் எழுதியிருக்குமான்னு கேட்டா."

அவர் குரலில் கோபமில்லை, குத்தலும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். இரண்டு மாதமாக எவன் சொல்லிவிடுவானோ என்று நான் ஒவ்வொரு வாயாகப் பார்த்துப் பயந்துகொண்டிருக்க, அவர் எல்லாம் தெரிந்தே அந்த ஏணியில் ஏறிப் படுத்திருக்கிறார்.

"எழுதுங்க மச்சான்," என்றார். "இவ்விடம் யாவரும் சௌக்கியம்."

"மாப்பிள்ளை, என் எழுத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிஞ்சிடும்."

"அதான், உங்கள மாதிரி எழுதாதீங்க. என்னை மாதிரி பெரிசு பெரிசா எழுதுங்க."

கேட்ட மாதிரியே எழுதினேன். ஒரு வரிக்கு நாலு வார்த்தை, கொழுத்த எழுத்து. மிக நன்றாக வந்தது. அஞ்சலை இதைக் கையில் வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்து, இவர்தான், சுகமாக இருக்கிறார் என்று எல்லோரிடமும் காட்டுவாள். அதைக் கேட்டு இன்னும் எட்டுப் பேர் மாட்டை விற்பார்கள். எழுத்து அவ்வளவு அசலாக இருந்தது. காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

புதுக் காகிதம் எடுத்து என் எறும்பு எழுத்தில் ஆரம்பித்தேன். அஞ்சலை, இதை எழுதுவது உன் அண்ணன். மாப்பிள்ளையின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அந்த நோட்டீசை நம்பச் சொன்னாயாமே, அதை எழுதியது நான்தான், நம்பியது உன் தப்பில்லை. அட்டாலி, நடை, ஏற்றம், கம்பளி எல்லாவற்றையும் எழுதினேன். மருதமுத்து படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். விரல் போனதை மட்டும் அடித்துவிடுங்கள் என்று ஒரு தரம் கேட்டார். நான் அடிக்கவில்லை. அவர் பேனாவை இடது கையில் வாங்கி, கடைசியில் தன் பெயரைப் போட்டார். அதைப் போட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும். என் தங்கை அதைத் தூரப் பிடித்துப் பார்த்தபோதே பாதி விஷயம் புரிந்திருக்கும்.

முதலாளி கேட்ட இரண்டாவது நோட்டீசை நான் எழுதவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதியிருக்கிறேன். துறையூர்ச் சந்தையில் படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இதை மற்றவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். இதையெல்லாம் கேட்ட பிறகும் வர வேண்டியிருப்பவர்கள் வாருங்கள், ஊரில் மழை பொய்த்தால் என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டு வாருங்கள், கையில் இன்னொரு கம்பளியோடு.

பதுளை அரிசிக்கடைக்கு இந்தப் பத்திரிகை தபாலில் வருகிறது. முதலாளி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பார். நோட்டீசில் எழுதினவன் பெயரைப் போடாமல் விட்டேன். இதில் போடுகிறேன்.

சுப்பையா,
வண்டிப்பேட்டை, அப்புத்தளை.